அட்மின் என்பவர் யார்?
கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ் முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்



விற்பனை அறிக்கை இப்போது உங்கள் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. எந்தக் கிளையில் என்ன ஓடியது, யார் பாக்கி வைத்திருக்கிறார், எந்தச் சரக்கு தேங்கிக் கிடக்கிறது என்று காலைத் தேநீருக்கு முன்பே தெரிந்துகொண்டு கடைக்கு வருகிறீர்கள். முன்பெல்லாம் ஆடிட்டர் வந்து உட்கார்ந்தால்தான் தெரியும் விஷயங்கள் இவை. எண்களில் ஒரு சென் பிசகினாலும் கேள்வி கேட்கிறீர்கள். ஆனால் உங்களில் பலர் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. அந்த அறிக்கை உங்கள் கணக்குப் புத்தகத்துக்குள் யார் பெயரில் நுழைந்து எண்களை எடுத்து வருகிறது?

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், நான் குடியிருக்கும் இந்தச் சாலாக் செலாத்தான் என்று சுற்றுவட்டாரத்துச் சிறு நிறுவனங்களுக்கு அறிக்கை அமைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. அதனால் பதிலை நானே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் அது உங்கள் சொந்த லாகினில் நுழைகிறது. இல்லாவிட்டால் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் அந்தப் பெண்ணின் லாகினில் நுழைகிறது. இரண்டும் இல்லையென்றால் 'அட்மின்' என்ற பெயரில். அந்த அட்மின் யார் என்று கேட்டால், “அது சிஸ்டம் போட்ட பையன் வச்சது லா” என்று பதில் வரும். பையன் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும். அட்மின் மட்டும் இன்னும் உள்ளே இருப்பார்.

இது எப்படி நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். நம் ஊர்க் கணக்கு மென்பொருள்களில் ஆட்டோகவுண்ட், மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தளத்தின் மேல் ஓடுகிறது. எஸ்கியூஎல் அக்கவுண்ட், ஃபயர்பேர்ட் என்ற தரவுத்தளத்தின் மேல் ஓடுகிறது. பவர் பிஐயோ எக்செலோ, எந்தக் கருவியில் அறிக்கை செய்தாலும் அது தரவுத்தளத்திடம் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் சொல்லியாக வேண்டும். எஸ்கியூஎல் சர்வரில் 'எஸ்ஏ' என்றொரு தலைமைக் கணக்கு உண்டு. அதற்குத் தடை என்பதே கிடையாது. அமைக்க வந்தவர் அவசரத்தில் அதைக் கொடுத்துவிட்டால் ஒரு பிழைச் செய்திகூட வராமல் முதல் தடவையே எண்கள் திரையில் வந்துவிடும். நீங்களும் மகிழ்ச்சியாகக் கட்டணத்தைக் கொடுத்துவிடுவீர்கள். ஃபயர்பேர்டின் பழைய பதிப்புகளில் நிலைமை இன்னும் மோசம். தலைமைக் கணக்கின் கடவுச்சொல் நிறுவும்போதே 'மாஸ்டர்கீ' என்று வந்துவிடும், அது உலகத்துக்கே தெரியும், நீங்களாக மாற்றினால்தான் மாறும்.

விளைவு என்ன? விற்பனையைப் படித்துச் சொல்ல வந்த ஓர் அறிக்கைக்கு, விலைப்பட்டியலை அழிக்கவும் ஊழியர் சம்பளத்தைப் பார்க்கவும் புதிய பயனரை உருவாக்கவும் உரிமை கிடைத்துவிடுகிறது. ஜாலான் தெங்கு கிளானாவில் நகைக்கடை வைத்திருப்பவர்களைக் கேட்கிறேன்: கண்ணாடிப் பெட்டியில் எத்தனை வளையல் இருக்கிறது என்று எண்ணிச் சொல்ல வந்தவரிடம் பெட்டகச் சாவியையா கொடுத்து அனுப்புவீர்கள்?

அப்படிக் கொடுக்கப்பட்ட கடவுச்சொல் ஓர் இடத்தில் நிற்பதும் இல்லை. வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு தடவை தட்டி அனுப்பப்படுகிறது. எக்செலில் பழைய முறையில் இணைப்புப் போட்டு 'கடவுச்சொல்லைச் சேமி' என்று குறித்தால், அது மறையாக்கம் இல்லாமல் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும், இது நல்லதல்ல என்று எக்செலே எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைப் படித்துவிட்டு 'வேண்டாம்' அழுத்திய ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. பிறகு அந்தக் கோப்பு கிளை மேலாளருக்கும் வங்கி அதிகாரிக்கும் உங்கள் மைத்துனருக்கும் மின்னஞ்சலில் போகிறது. நீங்கள் அனுப்பியது ஒரு மாத விற்பனை. கூடவே போனது முழுக் கணக்குக்குமான வழி.

திருடர்களைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் உங்கள் ஊழியர்களைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் இந்த மடலை எழுத என்னைத் தூண்டியது அதுதான்.

ஒரு நிறுவனத்தில் சம்பள விவரம் வெளியே போய்விட்டது. யாருக்கு எவ்வளவு என்று கிடங்கில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். முதலாளிக்குக் கோபம். பதிவேட்டைத் திறந்து பார்த்தால், எல்லா வரியிலும் ஒரே பெயர்: அட்மின். அந்த லாகின் முதலாளியிடம் இருந்தது, அவர் மகனிடம் இருந்தது, கணக்கு அலுவலரிடம் இருந்தது, இரண்டு கிளை மேலாளர்களிடம் இருந்தது, மென்பொருள் விற்றவரிடமும் இருந்தது. பழி யார்மேல் விழுந்தது? கணக்கு அலுவலர்மேல். குடும்பத்தில் இல்லாதவர், குரல் உயர்த்தாதவர் அவர் ஒருவர்தான். வேலையை விட்டுவிட்டார். எடுத்தது அவரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவருடைய முதலாளிக்கும் தெரியாது. தெரிந்துகொள்வதற்கான வழியே அங்கே வைக்கப்படவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. ஆளுக்கொரு லாகின் இருந்திருந்தால், குற்றம் செய்தவர் மாட்டியிருப்பார், செய்யாதவர் நிமிர்ந்து நின்றிருப்பார். பொது லாகினில் இந்த இரண்டுமே நடக்காது.

“நாங்க குடும்பம் மாதிரி, நம்பிக்கையில ஓடுது” என்று சொல்வீர்கள். நம்பிக்கை இருக்கட்டும், அது நம் வணிகத்தின் பலம். ஆனால் நீங்கள் நம்பும் ஒருவரைத் தன்னை நிரூபிக்க முடியாத நிலையில் வைத்துவிட்டு, பிரச்சினை வந்த அன்று நம்பிக்கையைத் திரும்ப வாங்கிக்கொள்வது நியாயமா?

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. உங்கள் கணக்கு அலுவலர் தன் சொந்த லாகினைக் கொடுத்து அறிக்கையை ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு நாள் அவர் கல்யாணமாகி ஜொகூர் போகிறார். நீங்கள் முறைப்படி அவர் கணக்கை மூடுகிறீர்கள், சரியான காரியம். அடுத்த நாள் அறிக்கை புதுப்பிக்கப்படவில்லை. பவர் பிஐயில் புதுப்பிப்பு தவறினால் எச்சரிக்கை மின்னஞ்சல் அந்தத் தரவுத் தொகுப்பின் உரிமையாளருக்குத்தான் போகும். அதாவது மூடப்பட்ட அந்த அஞ்சல் பெட்டிக்கு. தொடர்ந்து நான்கு தடவை தவறினால் கருவியே புதுப்பிப்பு அட்டவணையை நிறுத்திவிடும். உங்கள் திரையில் எண்கள் மட்டும் அப்படியே இருக்கும், பழைய எண்கள். அதைப் பார்த்துத்தான் தீபாவளிக்குச் சரக்கு எடுக்கிறீர்கள். சந்தேகம் வந்த பிறகு ஜொகூரில் இருக்கும் அந்தப் பெண்ணுக்குப் போன் போடுகிறீர்கள். “பாஸ்வேர்ட் என்னாம்மா?” அவரும் பாவம், புது வேலைக்கு நடுவே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதற்கு அவருக்குச் சம்பளமும் கிடையாது.

அலுவலகக் கணினியில் இருக்கும் தரவை இணையத்துக்குக் கொண்டுபோகும் 'கேட்வே' என்ற மென்பொருளிலும் இதே கதைதான். தனிநபர் முறையில் அதைப் போட்டுவிட்டால் அது ஒருவருக்கு மட்டுமே உழைக்கும். நிறுவன முறையில் போட்டால் ஒரு மீட்புக் குறியீடு வைக்கச் சொல்லும். அதைத் தொலைத்துவிட்டால் மைக்ரோசாஃப்டே நினைத்தாலும் திரும்பக் கிடைக்காது, கேட்வேயை வேறு கணினிக்கு மாற்ற வேண்டிய நாளில் எல்லா இணைப்பையும் புதிதாகப் போட வேண்டும். உங்கள் நிறுவனத்தின் மீட்புக் குறியீடு எங்கே இருக்கிறது என்று இன்று விசாரித்துப் பாருங்கள். பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்பதையும் கவனியுங்கள்.

இப்படி எல்லாம் ஒரே லாகினில் தொங்கிக்கொண்டிருப்பதால்தான் கடவுச்சொல்லை மாற்ற எவருக்கும் துணிவில்லை. மாற்றினால் அறிக்கை நிற்கும், கல்லாப்பெட்டி நிற்கும், இன்னும் எது எது நிற்கும் என்று தெரியாது. வேலையை விட்டுப் போனவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த கடவுச்சொல் வருடக்கணக்கில் அப்படியே இருப்பதற்குச் சோம்பல் காரணமில்லை, பயம்தான் காரணம். இரட்டைச் சரிபார்ப்பும் இதே காரணத்தால்தான் அணைத்து வைக்கப்படுகிறது. இரவு இரண்டு மணிக்குத் தானாக ஓடும் அறிக்கையால் கைப்பேசியில் வரும் எண்ணைப் பார்த்துத் தட்ட முடியாது. ஆகவே அறிக்கைக்காக உங்கள் சொந்தக் கணக்கின் காவலைக் குறைத்துவிடுகிறீர்கள். வங்கியின் டேக் எண்ணைப் பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லாத நீங்கள்தான் இதைச் செய்கிறீர்கள்.

இப்போது திருடர்களுக்கு வருகிறேன். 2024 ஏப்ரல் 11ஆம் தேதி, அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சைசென்ஸ் என்ற வணிக அறிக்கை நிறுவனத்தில் ஊடுருவல் நடந்திருக்கிறது, அதன் வாடிக்கையாளர்கள் அந்தச் சேவையோடு தொடர்புடைய எல்லாக் கடவுச்சொற்களையும் ரகசியக் குறியீடுகளையும் உடனே மாற்ற வேண்டும் என்பது அதன் சாரம். பாருங்கள், அது வங்கி இல்லை, மருத்துவமனை இல்லை, அறிக்கை செய்து கொடுக்கும் கருவி. ஆனால் அந்தக் கருவியிடம் வாடிக்கையாளர்களின் தரவுத்தளங்களுக்கான கடவுச்சொற்கள் இருந்தன. திருடனுக்கு அது போதும். அன்று ஒவ்வொரு அறிக்கைக்கும் தனிக் கணக்கு வைத்திருந்தவர்கள் அந்தக் கணக்கை மட்டும் மாற்றிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். தலைமைக் கணக்கைக் கொடுத்து வைத்திருந்தவர்களின் அந்த வாரம் எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதே வருடம் ஸ்னோஃப்ளேக் என்ற தரவுக் கிடங்கின் வாடிக்கையாளர்கள் வரிசையாகக் கொள்ளை போனார்கள். டிக்கெட்மாஸ்டர், சாந்தாந்தேர் வங்கி, ஏடி அண்ட் டி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சுமார் 165 நிறுவனங்கள் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று விசாரித்த மாண்டியன்ட் நிறுவனம் சொன்னது. ஸ்னோஃப்ளேக்கின் சுவரை யாரும் இடிக்கவில்லை. வாடிக்கையாளர்களின் சொந்தக் கடவுச்சொற்களே முன்பே திருடு போயிருந்தன, சில 2020லேயே. இத்தனை வருடம் அவை மாற்றப்படவில்லை, இரட்டைச் சரிபார்ப்பும் போடப்படவில்லை. மாண்டியன்ட் அறிக்கையில் என்னைச் சங்கடப்படுத்திய ஒரு தகவல் உண்டு. சில கடவுச்சொற்கள் வெளியிலிருந்து ஒப்பந்தத்துக்கு வந்து வேலை செய்தவர்களின் மடிக்கணினிகளிலிருந்து திருடப்பட்டவை. அதே கணினியில் அவர்கள் விளையாட்டும் ஆடினார்கள், திருட்டு மென்பொருளும் இறக்கினார்கள். ஒரே ஆள் பல நிறுவனங்களுக்கு வேலை செய்பவர் என்பதால் ஒரு கணினி போனால் பல நிறுவனங்கள் போயின. நானும் அந்த ரகத்துத் தொழிலாளிதான். அதனால்தான் சொல்கிறேன், என்னைப் போன்றவர்களிடம் உங்கள் தலைமைக் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். நாங்கள் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கேட்காமல் வேலை செய்யத் தெரிந்தவரைத் தேடிப் பிடியுங்கள்.

“நம்மகிட்ட என்ன இருக்கு திருட? மசாலாக் கடைதானே?” என்று ஒரு பேச்சு எழும். கொஞ்சம் கசப்போடு, “எல்லாம்தான் ஏற்கெனவே வெளியே போயிடுச்சே” என்றும் ஒரு பேச்சு எழும். இரண்டாவதில் உண்மை உண்டு. 2017 அக்டோபரில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் வெளியே போனது தெரியவந்தது. நாட்டின் மக்கள்தொகையைவிட அதிகமான எண்ணிக்கை. என் எண்ணும் உங்கள் எண்ணும் அதில் இருந்திருக்கும். ஆனால் உங்கள் ஊழியரின் சம்பளம், சேமநிதிச் சந்தா, சொக்சோ விவரம், உங்களுக்கு எந்த மொத்த வியாபாரி என்ன விலைக்குத் தருகிறார் என்ற ரகசியம் எல்லாம் அதில் இல்லை. அவை உங்கள் தரவுத்தளத்தில் இருக்கின்றன. எதிர்க்கடைக்காரருக்கு உங்கள் கொள்முதல் விலை தெரிந்தால் என்ன ஆகும் என்று மசாலாக் கடைக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

சட்டமும் இனி 'சின்னக் கடைதானே' என்று தட்டிக்கொடுக்காது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டது, திருத்தங்கள் 2025இல் படிப்படியாக அமலுக்கு வந்தன. சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளை மீறினால் விதிக்கப்படும் அதிகபட்ச அபராதம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாகவும், சிறை 2 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகவும் உயர்ந்துவிட்டது. 2025 ஜூன் 1 முதல், பெரிய தீங்கு விளைவிக்கக்கூடிய தரவுக் கசிவு நடந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்த மூன்று நாளில் யார் நுழைந்தார், எதைப் பார்த்தார், எத்தனை பேருடைய விவரம் போனது என்று நீங்கள் தேட வேண்டும். பதிவேட்டில் எல்லா வரியிலும் அட்மின் என்று இருந்தால் ஆணையருக்கு என்ன எழுதுவீர்கள்?

ஒவ்வோர் அறிக்கைக்கும் தனிக் கணக்கு வைப்பது நம்மால் ஆகாத காரியம் என்று நினைக்க வேண்டாம். இ-இன்வாய்ஸ் விஷயத்தில் இதைத்தான் அரசாங்கம் உங்களைச் செய்ய வைத்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் 1 அன்று 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களிடம் தொடங்கி, 2025 ஜூலை 1 அன்று 50 லட்சத்துக்கு மேற்பட்டவர்களிடம் வந்து, 2026 ஜனவரியில் அதற்கும் கீழே இறங்கிவிட்டது. மைஇன்வாய்ஸ் என்ற அந்த இ-இன்வாய்ஸ் தளத்தில் நீங்கள் உங்கள் பெயரில் நுழைகிறீர்கள். உங்கள் கணக்கு மென்பொருள் உங்கள் பெயரில் நுழைவதில்லை. அதற்கென்று தனி அடையாள எண், தனி ரகசியக் குறியீடு. அதைக் காட்டி வாங்கும் அனுமதிச் சீட்டு ஒரு மணி நேரம்தான் செல்லும், பிறகு புதிதாக வாங்க வேண்டும். வெளியாள் ஒருவர் உங்களுக்காக விலைப்பட்டியல் அனுப்ப வேண்டுமானால் உங்கள் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டியதில்லை, அவரை இடைத்தரகராக நியமித்து எந்த உரிமை வேண்டுமோ அதை மட்டும் கொடுக்கலாம், வேண்டாமென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வருமான வரி வாரியத்தைத் திட்டுவதற்கு நம்மிடம் ஆயிரம் காரணம் இருக்கலாம், எனக்கும் சில உண்டு. ஆனால் இந்த ஒரு ஏற்பாட்டை அவர்கள் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். வரி வாரியத்துக்குக் காட்டும் இந்த ஒழுங்கை உங்கள் சொந்த அறிக்கைகளுக்கும் காட்டுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

செலவைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். படிக்க மட்டும் உரிமையுள்ள ஒரு கணக்கை எஸ்கியூஎல் சர்வரில் உருவாக்கச் சில வரிக் கட்டளை போதும், இலவசப் பதிப்பிலும் முடியும். சம்பளமும் ஐசி எண்ணும் கண்ணிலேயே படாதபடி, தேவையான பத்திகளை மட்டும் காட்டும் ஒரு 'வியூ' அமைத்து அதற்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். விவரம் தெரிந்தவருக்கு ஒரு மதிய வேலை. இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறவரை வாசலோடு திருப்பி அனுப்புங்கள். கூகுள் ஷீட்டும் லுக்கர் ஸ்டூடியோவும் வைத்திருப்பவர்கள் ஒன்றைப் பாருங்கள். அறிக்கை உரிமையாளரின் அனுமதியில் ஓடுகிறதா, பார்ப்பவரின் அனுமதியிலா என்று அதில் ஓர் அமைப்பு உண்டு. உரிமையாளர் அனுமதியில் ஓடினால், அந்த ஷீட்டைத் திறக்கவே உரிமையில்லாதவரும் அறிக்கை வழியாக அதன் தரவைப் பார்க்கலாம். தெரிந்து வைத்திருந்தால் சரி, தெரியாமல் இருந்தால் சரியில்லை.

ஆகவே, முதலாளிமாரே, உங்களிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் சிஸ்டம் ஆளைக் கூப்பிட்டு, ஒவ்வோர் அறிக்கையும் எந்தத் தரவுத்தளத்துக்குள் எந்தப் பெயரில் போகிறது என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளில் மனிதர் பெயரோ அட்மினோ எஸ்ஏவோ இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் பதிலாக, நிறுவனத்துக்குச் சொந்தமான, படிக்க மட்டும் முடிகிற, அந்த அறிக்கைக்கு மட்டுமான ஒரு கணக்கைப் போடச் சொல்லுங்கள். புதுப்பிப்பு தவறினால் மின்னஞ்சல் இரண்டு பேருக்கு வரட்டும், அதில் ஒருவர் நீங்களாக இருங்கள். கேட்வேக்கும் இரண்டு நிர்வாகிகள் இருக்கட்டும், மீட்புக் குறியீட்டை எழுதி நிலப்பட்டா வைக்கும் இடத்தில் வையுங்கள். புதுக் கணக்கில் எல்லா அறிக்கையும் ஒரு வாரம் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்த பிறகு பழைய தலைமைக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டு, அறிக்கை நின்றுபோனதென்று என்னைத் திட்டாதீர்கள்.

கணக்குப் பிரிவில் இருக்கும் உங்கள் ஊழியரைக் கூப்பிட்டு, அவருடைய சொந்த லாகினை இனி எந்த அறிக்கைக்கும் கேட்கமாட்டோம், அவரும் யாருக்கும் கொடுக்க வேண்டாம், முதலாளியின் பிள்ளை கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்று எழுத்தில் கொடுங்கள். வேலையை விட்டுப் போகிறவரிடம் சாவியும் சீருடையும் திரும்ப வாங்கும் பட்டியலில், அவருக்குத் தெரிந்த கடவுச்சொற்களை அன்றே மாற்றுவதையும் ஒரு வரியாகச் சேருங்கள். மாதக் கடைசியில் மட்டும் இதைத் தொடங்காதீர்கள், கணக்கு முடிக்கும் நேரத்தில் யாருக்கும் பொறுமை இருக்காது. கணக்கு முடித்த மறுவாரம், கடை கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமையைப் பார்த்து அந்தத் தாளைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்கு அறிக்கை அமைத்துக் கொடுக்கும் ஒருவர்
சாலாக் செலாத்தான், கோலாலம்பூர்